அங்கோரா முயலின் உரோமமும் தோலும்: கடலோரத்தில் வளர்ப்போர் கவனத்துக்கு

திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே கோட்டையை நோக்கிச் செல்வோர், பழவங்காடி கணபதி கோயிலின் முன் தேங்காய் உடைபடும் ஓசையைக் கேளாமல் அவ்விடத்தைக் கடத்தல் அரிது. அருகிலேயே கோட்டை வாயிலும் சாலைக் கடைத்தெருவும் உள்ளன. நகரின் பழமையான இப்பகுதியில் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. கடற்கரை நகரமாதலால் ஆண்டின் பெரும்பகுதியில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். ஜூன் மாதத்தில் ஒரு பருவமழையும், அக்டோபர் மாதத்தில் மற்றொரு பருவமழையும் தொடங்கும்.

இங்குள்ள ஒரு வீட்டின் பின்கட்டில், குழந்தைகளின் விருப்பத்துக்கிணங்க வாங்கப்பட்ட அங்கோரா முயல் ஒன்று கம்பிவலைக் கூண்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கிய நாளில் அது வெண்பஞ்சுப் பொதியைப் போல் இருந்திருக்கும். மூன்று மாதம் கழிந்து மழைக்காலத்தின் நடுவில் அதைப் பார்க்க வருபவருக்கும் அது பஞ்சுப் பொதியாகவே தோன்றும். ஆயினும் விரலை உரோமத்தின் அடிவரை செலுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். காதின் பின்புறத்திலும், முன்னங்காலின் கக்கத்திலும், தொடையிடுக்கிலும் உரோமம் கம்பளித் துண்டு போல் இறுகித் தோலோடு பற்றிக் கிடக்கும். அதனடியில் தோல் சிவந்து, கசிந்து, சில வேளைகளில் புழுவும் வைத்திருக்கும். மேற்பார்வைக்கு அழகாக இருக்கும்போதே உள்ளே அழுகத் தொடங்கிவிடுகிற விலங்கு இது. வளர்ப்பவர் இதை அறியாதிருத்தலே இம்முயல்களின் சாவுக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று.

கால்நடைத் துறையின் களப்பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் இம்முயலைக் காட்டுவோர் வழக்கமாகக் கேட்பது, எந்தச் சோப்பால் இதைக் குளிப்பாட்டலாம் என்பதே. விடை சுருக்கமானது: எந்தச் சோப்பாலும் குளிப்பாட்டலாகாது. கடலோரச் சமவெளியில் அங்கோரா முயலுக்கு வேண்டியது நீரன்று, எண்ணெயன்று, நாள்தோறும் சீவிச் சீவி வளர்க்கப்படும் நீண்ட உரோமமும் அன்று, கத்தரிக்கோல்தான் வேண்டும். இம்முடிவுக்கு வருவதற்கான காரணங்களையும், அதைச் செய்யும் முறையையும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

இயற்கையில் இல்லாத உரோமம்

முதலில் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. நமது வயல்களிலும் புதர்களிலும் ஓடும் முயல் வேறு. கூண்டில் வளர்க்கப்படும் முயல் வேறு. தமிழில் இரண்டையும் முயல் என்றே வழங்குவதால் மாணவர் மயங்குவர. வயல்முயல் தரையின் மேல் குட்டி ஈனும். குட்டிகள் மயிருடனும் திறந்த கண்ணுடனும் பிறக்கும். வளர்ப்பு முயல் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. அதன் குட்டிகள் மயிரின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். வயல்முயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குட்பட்டது. அதைப் பிடித்து வளர்த்தல் குற்றமாகும்.

துருக்கி நாட்டின் அங்காரா நகரத்தின் பெயரால் வழங்கும் அங்கோரா, குழிமுயலிலிருந்து மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த ஓர் இனம். சாதாரண முயலில் ஒரு மயிர் ஏறத்தாழ 5 வாரம் வளர்ந்து, பின் ஓய்ந்து, பருவம் மாறும்போது உதிர்ந்துவிடும். அங்கோராவில் அந்த வளர்ச்சிக்காலம் ஏறத்தாழ 14 வாரம் நீடிக்கிறது. மயிரின் வளர்ச்சியை நிறுத்தும்படி ஆணையிடும் எஃப்.ஜி.எஃப். 5 என்னும் மரபணுவோடு இப்பண்பு தொடர்புடையது என்று மரபியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. இது ஒடுங்குபண்பு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாது. எனவேதான் அங்கோராவைக் குட்டைமயிர் முயலோடு இணைத்தால், முதல் தலைமுறைக் குட்டிகள் அனைத்தும் குட்டைமயிருடன் பிறக்கின்றன. மெண்டலின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பட்டாணிச் செடிக்கு அடுத்தபடியாக இது நல்ல எடுத்துக்காட்டு.

நிறுத்தும் ஆணை பழுதுற்ற உரோமம் மாதத்துக்கு இரண்டரை செ.மீ. அளவில் வளர்ந்துகொண்டே செல்லும். காட்டில் இப்படியொரு முயல் பிறந்திருந்தால் முள்ளில் சிக்கியோ, நரியின் வாயில் விழுந்தோ சில மாதங்களில் அழிந்திருக்கும். அதன் உரோமம் மனிதனால் உண்டாக்கப்பட்டது. ஆகவே அதைக் களைந்துவிடும் கடமையும் மனிதனையே சார்ந்தது. முயல் தன் நாவால் நக்கித் தூய்மை செய்துகொள்ளும் இயல்புடையதுதான். ஆனால் அந்த நாவு ஒன்றரை அங்குல மயிருக்காக அமைந்தது. நான்கு அங்குல மயிருக்காக அன்று.

பள்ளியில் நுண்ணோக்கி இருக்குமாயின் இம்மயிர் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். அடிமயிரின் தடிப்பு 12 முதல் 14 மைக்ரான். மனிதனின் தலைமயிர் இதைப்போல் நாலைந்து மடங்கு தடிப்பானது. அடிமயிரின் நடுவே ஏணிப்படிகளை அடுக்கியது போல் வெற்றறைகள் வரிசையாகத் தெரியும். தடித்த மேல்மயிரில் இவ்வரிசைகள் பலவாக இருக்கும். இவ்வறைகளில் அடைபட்ட காற்றே குளிரைத் தடுக்கிறது. செம்மறியின் கம்பளியைவிட அங்கோராக் கம்பளி எடை குறைந்தும் வெதுவெதுப்பு மிகுந்தும் இருப்பதற்குக் காரணம் இதுவே. திருவனந்தபுரத்தில் இம்முயல் படும் துன்பத்துக்குக் காரணமும் இதுவே.

கார்சாவில் நடப்பது

இந்தியாவில் அங்கோராவை முறைப்படி வளர்த்து ஆராய்ந்த இடம் இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்திலுள்ள கார்சா ஆகும். ராஜஸ்தானத்தில் அவிகாநகரில் 1962ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்தியச் செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் வடமண்டலக் கிளை அங்கு இயங்குகிறது. முதலில் பிரிட்டிஷ், ரஷ்ய வகை அங்கோராக்கள் வளர்க்கப்பட்டன; 1980களில் ஜெர்மன் அங்கோராக்கள் தருவிக்கப்பட்டன. ஜெர்மனியில் தேர்ந்த முயல்கள் ஆண்டொன்றுக்கு 1 கிலோவுக்கு மேற்பட்ட கம்பளி தருகின்றன. நமது மலைநாட்டில் அளவு சற்றுக் குறைந்தாலும், அது சிறு குடும்பங்களுக்கு உபவருமானம் தரும் தொழிலாக உத்தராகண்டம் முதலிய மலைப்பகுதிகளுக்கும் சென்றது.

அங்கே உரோமப் பராமரிப்பு என்பது அலங்காரமன்று, அறுவடை. குட்டிக்கு இரண்டு மாதம் நிறைந்ததும் முதற்கத்தரிப்பு. அதன் பிறகு ஏறத்தாழ 75 நாளுக்கு ஒருமுறை உடல் முழுவதும் கத்தரிக்கப்படுகிறது. அதற்குள் மயிர் 6 செ.மீ. அளவில் வளர்ந்திருக்கும், அதற்கு மேல் விட்டால் நூற்புக்குக் கிடைக்கும் இலாபத்தைவிடச் சிக்கினால் வரும் நட்டம் மிகுதி. காட்சிக்காக வளர்ப்போர் ஆறு மாதம் வளரவிட்டுச் சீவிக்கொண்டிருப்பார்கள். கம்பளிக்காக வளர்ப்போரோ சிக்கு விழும் முன்பே மயிரை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வழிகளுள் முயலின் தோலுக்கு உகந்தது பின்னதே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கத்தரித்தல் வேறு, பிடுங்குதல் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சில் மயிர் உதிரும் பருவம் பார்த்து அதை இழுத்தெடுக்கும் முறை நெடுங்காலமாக உண்டு. பருவம் பாராமல் உயிர்ப்புள்ள மயிரைப் பிடுங்குவது கொடுமை. 2013ஆம் ஆண்டில் சீனப் பண்ணைகளில் இவ்வாறு பிடுங்கப்படும் காட்சிகள் வெளியானபோது, ஐரோப்பாவின் பெரிய ஆடை வணிகர் பலர் அங்கோராத் துணி விற்பதையே நிறுத்திவிட்டனர்.

தென்னாட்டில் குளிர்மலைகள் இல்லாமலில்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மேற்கூறிய நிலையத்தின் தென்மண்டலக் கிளை 1965 முதல் இருந்துவருகிறது. அங்கு முயல் பகுதியில் பேர்பெற்றவை வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா ஆகிய குட்டைமயிர் இறைச்சியினங்கள். முயல் வளர்க்க விரும்பும் கேரளக் குடும்பங்களுக்கும் பள்ளிகளுக்கும் இத்தகைய குட்டைமயிர் இனங்களையே பரிந்துரைக்க வேண்டும். அங்கோராவை வாங்கலாமா என்று முன்கூட்டியே கேட்போருக்கு, கடலோரத்தில் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஆனால் கேட்பவர்களில் பலர் வாங்கிய பின்னரே கேட்கிறார்கள். இனி வருவன அவர்களுக்கு.

சிக்கு விழும் விதம்

மயிரின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. ஈரமும் உராய்வும் சேரும்போது ஒரு மயிரின் செதில் மற்றொன்றின் செதிலில் மாட்டிக்கொள்கிறது. மாட்டியது முன்னே நகருமேயன்றிப் பின்னே வாராது. இவ்வாறு இறுகுவதே சடைப்பு. முயல் மயிரை இதே முறையில் இறுக்கித்தான் மேனாட்டில் தொப்பித் துணி செய்தார்கள். தொப்பி செய்பவன் வேண்டுமென்று செய்ததை, பழவங்காடியின் ஈரக்காற்றும் முயலின் கால்வீச்சும் சேர்ந்து வேண்டாமலே செய்துவிடுகின்றன. கக்கமும், தாடையின் அடியும், வாலின் அடியும் முதலில் சடைப்பிடிப்பதற்குக் காரணம் அவ்விடங்களில் உராய்வும் ஈரமும் ஒருங்கே அமைதலாம்.

சடையின் அடியில் தோலுக்குக் காற்றுப் படாது. முயல் நடக்கும்போதெல்லாம் சடை தோலை இழுக்கும். அங்கே வலி உண்டாவதால் முயல் குந்தியே இருக்கும். குந்தியிருப்பதால் சிறுநீர் மயிரில் ஊறும். ஊறிய மயிர் மேலும் சடைப்பிடிக்கும்.

குளியல் ஏன் ஆகாது என்பது இதிலிருந்தே விளங்கும். முழுதும் நனைந்த அங்கோரா உலரப் பல மணி நேரமாகும். அதற்குள் சடை பல மடங்காகிவிடும். நீரில் இறக்கப்பட்ட முயல் திமிறும். திமிறும்போது தன் பின்னங்கால் உதையின் விசையாலேயே முதுகெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு. குளிராலும் அதிர்ச்சியாலும் இறந்துவிடுதலும் உண்டு. மலப்புழையைச் சுற்றி அழுக்கேறியிருந்தால், அவ்விடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரால் துடைத்து உடனே உலர்த்துவது போதும்.

எண்ணெய்க்குளியலுக்குப் பழகிய நாட்டில், முயலின் உரோமத்துக்கும் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. எண்ணெய் தூசியைப் பிடிக்கும்; முயல் அதை நக்கும்; நக்கியது குடலைக் கெடுக்கும். முகப்பவுடர் தூவிச் சிக்கெடுக்கும் வழக்கமும் நல்லதன்று. அத்துகள் முயலின் மூச்சில் செல்லும். கூண்டில் தென்னைநார்க் கழிவையோ மரத்தூளையோ பரப்புவதும் கூடாது. இரண்டும் உரோமத்தில் ஏறிச் சிக்குக்கு வித்தாகும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். முயலுக்கு வியர்வை இல்லை என்றே சொல்லலாம். உடல் வெப்பத்தைக் காதுகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் வெளியேற்றுகிறது. அதற்கு இதமான காற்றுவெப்பம் 15 முதல் 20 டிகிரி சென்டிகிரேட். 30ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. திருவனந்தபுரத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் வெப்பம் 30க்கு மேல் செல்வது வழக்கம். காது சிவந்து, மூச்சு விரைந்து, மூக்கு நனைந்து காணப்பட்டால் காதுகளில் ஈரத்துணியை ஒற்றி, நிழலில் காற்றுப்படும் இடத்துக்கு மாற்ற வேண்டும். குளிர்நீரில் அமிழ்த்தலாகாது.

கையாளும் முறை

தேவையான கருவிகள் சாலைக் கடைத்தெருவிலேயே கிடைப்பன: முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று, பல் அகன்ற உலோகச் சீப்பு ஒன்று, நெருங்கிய பல்லுடைய பேன் சீப்பு ஒன்று, மேசைமேல் விரிக்க ஒரு சாக்கு. வழவழப்பான மேசையில் நிறுத்தப்பட்ட முயல் கால் பற்றாமல் அஞ்சும். சாக்கு விரித்தால் அமைதியாக இருக்கும்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது நமது நாட்டில் எங்கும் காணப்படும் வழக்கம். அதை மாணவர்களிடம் முதல் நாளிலேயே ஒழிக்க வேண்டும். ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்புறத்தின் கீழுமாகத் தாங்கி, உடலோடு அணைத்துத் தூக்கவேண்டும். மல்லாக்கக் கிடத்தினால் முயல் அசையாமல் கிடப்பதைக் கண்டு, அது சுகமாக உறங்குவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அது உறக்கமன்று, பகைவிலங்கின் பிடியில் அகப்பட்ட இரை அச்சத்தால் உறைந்து கிடக்கும் நிலை. வயிற்றுப்புறத்தைக் கத்தரிக்க வேண்டின் ஒருவர் முயலை நிமிர்த்தி மடியில் அமர்த்திக்கொள்ள, மற்றொருவர் கத்தரிப்பது நன்று.

முதலில் வாயால் உரோமத்தின்மேல் மெல்ல ஊதுக. உரோமம் மலர்போல் விரிந்து நடுவே தோல் தெரியும். வெண்ணிறமோ இளஞ்சிவப்போ உடைய, பொடியற்ற தோல் நலமுள்ளது. இவ்வாறு முதுகிலும் விலாவிலும் இருபது இடங்களில் ஊதிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். எந்தச் சீப்பும் காட்டாததை இது காட்டும்.

பின்னர் அகன்ற பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக அடியை நோக்கிச் சீவுக. அடியிலிருந்து இழுத்தால் உயிர்மயிர் பிடுங்கப்படும். முயலின் தோல் வெங்காயச் சருகு போல் மெல்லியது. சடையைக் கையால் தூக்கிப் பிடித்து அதன் அடியில் கத்தரிக்கோலைச் செலுத்துவதே எல்லோரும் செய்யும் பிழை. தூக்கும்போது தோலும் கூடவே எழுகிறது. கத்தரிக்கோல் சடையோடு தோலையும் துண்டித்துவிடுகிறது. அரை அங்குல வெட்டு கணத்தில் மூன்று அங்குலமாகக் கிழியும். ஆகையால் சடைக்கும் தோலுக்கும் இடையே முதலில் சீப்பைச் செருகுக. சீப்பின் மேலாகக் கத்தரித்தால் தோல் காக்கப்படும். பெரிய சடையை நெடுக்கு வாட்டில் இரண்டு மூன்றாகப் பிளந்து, விரல்களால் பிரித்து, எஞ்சியதைக் கத்தரிப்பது மேல்.

உடல் முழுவதும் கத்தரிக்கும்போது முதுகின் நடுவே வகிடெடுத்து, பக்கத்துக்கு ஒரு வரியாக வாலிலிருந்து கழுத்து வரை செல்லலாம். அரை முதல் ஒரு செ.மீ. வரை மயிரைத் தோலின்மேல் விட்டுவிடுக. பெண்முயலின் வயிற்றில் காம்புகள் உரோமத்தில் மறைந்திருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் தேடி மூடிக்கொண்டபின் வெட்டுக. ஆண்முயலில் விதைப்பையின் தோல் இன்னும் மெல்லியது. உள்ளங்கால் மயிரைமட்டும் எக்காரணத்தாலும் வெட்டலாகாது. நாய், பூனை போல் முயலுக்குப் பாதத்தில் மெத்தையில்லை. அம்மயிரே அதன் செருப்பு. அதை இழந்த முயல் கம்பிவலையில் நின்றால் குதிகாலில் புண் கொள்ளும், அப்புண் எளிதில் ஆறாது. கம்பிவலைக் கூண்டின் ஒரு பகுதியில் பலகையொன்று இட்டுவைப்பதும் இதற்காகவே.

முழுவேலையையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டுமென்பதில்லை. பழகாத கைக்குக் கால்மணி நேரம் போதும். முயல் திமிறத் தொடங்கினால் விட்டுவிட்டு மறுநாள் தொடர்க. கார்சாவில் கத்தரித்த முயலைக் குளிரிலிருந்து காப்பது ஒரு தனிக் கவலை; கத்தரிப்புக்குப் பின் உடல் வெப்பம் மிகுதியாக வெளியேறுவதால் அது தீவனமும் மிகுதியாகத் தின்னும். திருவனந்தபுரத்தில் அக்கவலை சிறிது. மழையிரவில் சாரல் படாதிருந்தால் போதும். கடலோரத்தில் 75 நாள் காத்திருக்க வேண்டாம். ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரித்து, உரோமத்தை எப்போதும் ஏறத்தாழ இரண்டு அங்குலத்துக்குள் வைத்திருக்கலாம். இவ்வாறு வைத்தால் வாரத்துக்கு இருமுறை சீவுவதே போதுமானது. வால்புறத்திலும் தொடையிடுக்கிலும் மட்டும் மாதந்தோறும் ஒட்டக் கத்தரிக்க வேண்டும். முயல் அதிகாலையில் தன் மென்மலத்தைப் புழையிலிருந்தே வாயால் எடுத்து உண்ணும். அதிலுள்ள உயிர்ச்சத்துகள் அதற்கு வேண்டியவை. சடை அங்கே குறுக்கிட்டால் அது இயலாமல் போகும். மென்மலம் மயிரில் அப்பி, ஈயை அழைக்கும்.

ஈ என்றதும் மழைக்காலத்தின் பெரும்பகையைக் கூறியாக வேண்டும். ஈரமும் மலமும் கலந்த மயிரில் ஈ முட்டையிட்டால், ஒரு நாளைக்குள் புழு வெளிப்பட்டுத் தோலைத் துளைக்கத் தொடங்கும். நேற்று நலமாயிருந்த முயல் இன்று சோர்ந்து கிடப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். ஜூன் முதல் நவம்பர் வரை நாள்தோறும் ஒருமுறை வாலைத் தூக்கிப் பார்த்தலைத் தவிர இதற்கு வேறு காவல் இல்லை. புழு கண்டவுடன் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்க. மாட்டின் புழுப்புண்ணில் டர்பென்டைன் இடும் பழக்கமுள்ள களப்பணியாளர்கள் அதை முயலிடம் செய்ய வேண்டாம். மெல்லிய தோலை அது எரிக்கும், நக்கினால் உள்ளேயும் செல்லும்.

வயிற்றில் சேரும் மயிர்

முயல் தன்னை நக்கும்போதெல்லாம் மயிரை விழுங்குகிறது. பூனை விழுங்கிய மயிரைக் கக்கிவிடும். முயலுக்குக் கக்கும் ஆற்றலே இல்லை. உள்ளே சென்றது மறுவழியாகத்தான் வெளியேற வேண்டும். நலமான முயலில் நாரோடு கலந்து அது தானாகவே வெளியேறுகிறது. முன்னர், வயிற்றில் மயிர்ப்பந்து திரள்வதே நோய் என்றும், அதனால் குடல் நின்றுவிடுகிறது என்றும் எண்ணினர். இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் மாற்றிச் சொல்கிறார்கள்: நார் குறைந்த தீவனத்தாலும், நீர்க்குறைவாலும், வலியாலும், அச்சத்தாலும் குடலின் இயக்கம் முதலில் தளர்கிறது, தளர்ந்த வயிற்றில் மயிர் தங்கி இறுகுகிறது. நீள்மயிர் இனங்களில் விழுங்கப்படும் மயிர் மிகுதியாதலால் இவ்வாபத்தும் மிகுதி.

முதல் அடையாளம் கூண்டின் அடியில்தான் தெரியும். புழுக்கைகள் மயிரால் கோக்கப்பட்டு மணிமாலை போல் தொங்கினால், உடனே சீவி உதிர்மயிரை நீக்கி, புல்லை மிகுதியாக்க வேண்டும். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கையிலும் குறைந்தால் நிலைமை முற்றுகிறது என அறிக. அரைநாள் ஒன்றும் தின்னாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால் அது அவசர நோய். மறுநாள் வரை காத்திருக்கலாகாது.

அன்னாசிச் சாறும் பப்பாளியும் வயிற்று மயிரைக் கரைத்துவிடும் என்னும் நம்பிக்கை மேனாட்டிலும் உண்டு. இரண்டும் வீட்டுக் கொல்லையிலேயே விளையும் கேரளத்தில் அது எளிதில் பரவக்கூடியது. இப்பழங்களிலுள்ள நொதிகள் இறைச்சிப் புரதத்தைச் சிதைப்பவை. மயிரின் கெரட்டின் வேறு வகையான, மிக உறுதியான புரதம். அதை அவை கரைப்பதில்லை. ஆசிரியர் இதை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு கிண்ணத்தில் புதிய அன்னாசிச் சாற்றை ஊற்றி முயல் மயிரையும், மற்றொன்றில் அதே சாற்றுடன் வேகவைத்த முட்டை வெண்கருவின் மெல்லிய துண்டையும் இட்டு மறுநாள் ஒப்பிடுவதே போதும். பழச்சாற்றால் ஏதேனும் நன்மை தெரிந்தால் அது அதிலுள்ள நீரால் வந்தது. சர்க்கரையோ குடலுக்குத் தீமை செய்யும்.

தீவனத்தில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். கேரளத்தில் பரவலாகப் பயிரிடப்படும் கினிப் புல் நல்லது. மழைநீர் வடிந்தபின் சற்று வாடவைத்துக் கொடுக்கலாம். முருக்கிலையும் முயலுக்குப் பிடித்தது. சவுண்டல் எனப்படும் சூபாபுல் இலையில் எச்சரிக்கை வேண்டும். அதிலுள்ள மைமோசின் என்னும் பொருள் மயிரை வேரோடு உதிரச் செய்யும். மயிர் உதிர்கிறதென்று பூச்சி மருந்து தேடும் முன் தீவனத்தில் இவ்விலை உண்டா என்று கேட்டறிவது நலம். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கு மற்றொரு தீங்கு. அதில் உண்டாகும் அஃப்லடாக்சினைத் தாங்கும் வலிமை முயலுக்கு மிகக் குறைவு. உரோமம் கெரட்டினால் ஆனதாகையால், கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் குறைந்தால் மயிர் மெலிந்து முறியும். பிரெஞ்சுப் பண்ணைகளில் வாரத்தில் ஒரு நாள் அடர்தீவனத்தை நிறுத்தி வயிற்றைத் தெளியவைப்பர். வீட்டு முயலிலும் இதைச் செய்யலாம். ஆனால் புல்லையும் நீரையும் ஒருநாளும் நிறுத்தலாகாது.

தோல் காட்டும் நோய்க்குறிகள்

ஊதிப் பார்த்தபோது தோளின் இடையே பொடுகு போல் தெரிந்து, அப்பொடுகு அசைவதாகத் தோன்றினால் அது செய்லெட்டியெல்லா என்னும் உண்ணியாகும். கறுப்புத் தாளின்மேல் பேன் சீப்பால் சீவி, விழுந்ததைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் நகர்வது தெரியும். காதின் உட்புறத்தில் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் அது காதுச் சொறி. முயல் தலையை உதறிக்கொண்டே இருக்கும். பொருக்கை உரித்தெடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். உரித்தால் கடும் வலியும் இரத்தப்போக்கும் உண்டாகும், மருந்து உள்ளே சென்றபின் அது தானே கழன்றுவிடும். மூக்கு, உதடு, காதோரம், நகத்தடி ஆகியவற்றில் வெண்சாம்பல் நிறப் பொருக்குக் கண்டால் அது உடற்சொறி. இம்மூன்றுக்கும் ஐவர்மெக்டின் பயன்படுகிறது; அளவு முயலின் எடைக்கேற்ப மருத்துவரால் குறிக்கப்பட வேண்டும். நாய்க்கு முதுகில் இடும் ஃபிப்ரோனில் சொட்டுமருந்து முயலைக் கொல்லக்கூடியது. வீட்டில் நாயும் முயலும் இருந்தால் இதை வீட்டாருக்கு இருமுறை சொல்லுங்கள்.

வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் படிந்த இடம் படர்தாமரையாக இருக்கலாம். இதுவும் உடற்சொறியும் மனிதருக்குத் தொற்றுவன. பள்ளி முயலுக்கு இவை கண்டால் குணமாகும்வரை மாணவர் தொடாதிருக்கச் செய்து, சீப்பையும் சாக்கையும் கொதிநீரில் இட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். மோவாயின் அடி எப்போதும் நனைந்து சடைப்பிடித்திருந்தால் தோலைமட்டும் பார்த்து நிற்காமல் பல்லைப் பாருங்கள். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. புல் மென்று தேயாவிட்டால் கோணி வளர்ந்து வாயைக் குத்தும், எச்சில் வடியும்.

நோயல்லாத ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஈனும் நாள் நெருங்கிய தாய்முயல் தன் வயிற்றிலும் மார்பிலுமுள்ள மயிரைத் தானே பிடுங்கிக் கூடு அமைக்கும். அது இயற்கை. ஆனால் அங்கோராவின் நீண்ட மயிர் குட்டிகளின் கழுத்திலும் காலிலும் கயிறு போல் சுற்றிக்கொள்ளும். கால் கறுத்து அழுகியபின்னரே தெரியவரும். ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பாகவே தாயின் உரோமத்தை, கர்ப்பத்துக்கு ஊறு நேராதபடி மென்மையாகப் பிடித்துக் கத்தரித்துவிடுக. கத்தரித்ததில் தூயதை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிக் கூட்டுப்பெட்டியில் இடலாம்.

மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது முயலை மடியில் வைத்துச் செல்லவேண்டாம். நெரிசலான பேருந்தில் அது குதித்து முதுகை முறித்துக்கொள்ளும். காற்றுப் புகும் மூடிய கூடையில், அடியில் சாக்கு விரித்து, பிடி புல்லும் உடன்வைத்து, வெயிலேறும் முன் காலையிலேயே எடுத்துச் செல்க. முந்தின இரவு இட்ட புழுக்கையையும், சீவியெடுத்த மயிரையும் பொடுகையும் தனித்தனித் தாளில் பொதிந்து உடன் கொண்டு செல்வது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.